ஐந்தாம் கம்பியின் பிரடை

புன்னைத்துறையில் ஐந்தாம் கம்பி முதன்முதலாக இறங்கியது லூர்து கொரேராவின் கல்யாணத்தில்தான் என்று பிற்பாடு ஊரே ஒரே வாயாகச் சொன்னது. ஆனால் அன்று, மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால் நின்று சாமியார் சொல்லச் சொல்ல வார்த்தைப்பாட்டைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாடகர் குழுவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எமில்டாவின் மடியில் பேஞ்சோவின் ஐந்தாம் கம்பி கிர்ரென்று தளர்ந்து தொங்கியதை அவளைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை, அவளும் கடற்காற்றின் ஈரம் என்று நினைத்து முறுக்கி ஏற்றிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தயாரானாள். எட்டாம் நாள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிய தோணியில் ஏறிப் போன லூர்து, போனவன் போனவன்தான்.

பேஞ்சோ தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சல்லடை அளவுக்கு வட்டமான ஒரு சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு கழுத்து வைத்து, கழுத்தின் உச்சியில் நான்கு கம்பிகளை நான்கு பிரடைகளில் சுற்றியிருப்பார்கள். பிரடை என்பது கம்பியை முறுக்கி ஏற்றவும் இறக்கவுமான கட்டை, வீணையில் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது கம்பி மட்டும் குட்டை, அதன் பிரடை கழுத்தின் பாதி வழியிலேயே பக்கவாட்டில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். எமில்டா தன் கல்யாணத்துக்கு நாத்தனாரிடம் கேட்டது தையல் மெஷின். நாத்தனாரோ உடைத்து விற்ற ஒரு கப்பலின் சாமான்களோடு வந்த இந்தப் பழைய பேஞ்சோவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெஷினில் ஒரு நூல்தான், இதில் ஐந்து இருக்கிறது என்றாளாம். எமில்டா வீம்புக்காரி. ஆறே மாதத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டு, நாத்தனார் வரும்போதெல்லாம் வாசித்துக் காட்டினாள்.

இரண்டாம் தடவை அது இறங்கியது ஞாயிறு பூசையில், சாமியாருக்கு உதவியான உபதேசியார் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தபோது. புதன்கிழமை உபதேசியாரைக் காணோம். மூன்றாம் தடவை பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் ஒரு புதுநன்மை விருந்தில், ஐஸ் கம்பெனி மேஸ்திரியின் மகள் எல்லோருக்கும் பலகாரத் தட்டு நீட்டிக்கொண்டு வந்தபோது. வெள்ளிக்கிழமை அவள் கோயம்புத்தூரில் இருந்தாள், தகப்பனுக்குத் தெரியாத ஒரு வேலையில். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டது எமில்டாவின் பக்கத்து வீட்டு செலஸ்தீன் மாமி. யார் எத்தனை மணிக்கு வெளியே போய் எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்பது மாமிக்குத் தலைகீழ்ப் பாடம். "கேட்டியளா, போவணும்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டு வெளிய சொல்லாம ஒருத்தர் பக்கத்துல இருந்தா இந்தக் கம்பி எறங்குது" என்று மாமி சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். ஏன் இறங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. துபாய்க்குச் சொல்லிக்கொண்டு போகிற பையன்களின் வழியனுப்பு விருந்துகளில் அது அசையாமல் நின்றதைப் பார்த்தபின் மாமி சொன்னது சட்டமாகிவிட்டது.

அதன்பிறகு ஊர் அதைத் தன் அன்றாடத்தில் சேர்த்துக்கொண்டது, குடிநீர்க் குழாய் வந்தபோதும் மின்கம்பம் வந்தபோதும் சேர்த்துக்கொண்ட மாதிரியே, கொஞ்சம் முணுமுணுப்போடும் நிறைய உபயோகத்தோடும். நிச்சயதார்த்தத்தில் பரியப் பணம் வைக்குமுன் எமில்டா ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்றார்கள். தோணிக்காரர்கள் ஆள் எடுக்கும்போது, நடுவழியில் வேறு துறைமுகத்தில் இறங்கி ஓடிவிடுகிறவன் எவன் என்று பார்க்க அவளை அழைத்தார்கள். பங்குச் சாமியார் இதைப் பற்றி ஆயருக்கு எழுதினார். பதில் வராததால் தடையில்லை என்று எடுத்துக்கொண்டு தன் சமையல்காரரைச் சோதித்தார். சாகக் கிடந்த பர்த்தலோமே பெரியவரின் கட்டிலருகே வாசிக்கச் சொன்னது அவருடைய பிள்ளைகள். போகிறவர்தானே, இறங்கும் என்று பார்த்தார்கள். மூன்று பாட்டு வாசித்தும் கம்பி கல்லுப்பிள்ளையாராக நின்றது. பெரியவர் இன்னும் இரண்டு வருஷம் இருந்தார், மீன்குழம்பில் புளி போதவில்லை என்று தினமும் சொல்லிக்கொண்டு.

ஆனால் எல்லா நல்ல உபயோகத்துக்கும் பின்னாலேயே ஒரு புழு நெளியத்தான் செய்தது. எமில்டா தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து வாசித்துப் பழகுவாள். அந்தச் சத்தம் எதுவரை கேட்கும் என்று ஊர்க்கமிட்டி நடந்து அளந்து, தெருவின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டது. கோட்டுக்குள் இருப்பவர் எல்லோரும் சோதனைக்கு உட்பட்டவர் என்று அர்த்தம். உடனே, ஆறு மணிக்குக் கோட்டைச் சுற்றிக்கொண்டு கடற்கரை வழியாகப் போகிறவர்கள் யார் யார் என்று பார்க்க ஆட்கள் கடற்கரையில் உட்கார்ந்தார்கள். பார்க்க உட்கார்ந்தவர்கள் ஏன் அந்த நேரத்தில் தெருவில் இல்லை என்று வேறு சிலர் சந்தேகப்பட்டார்கள். மகளுக்குச் சீர் கொடுக்கப் பெட்டி வாங்கிய ஒருவர், பெட்டி தனக்கில்லை என்று மூன்று தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் அதைக் கடையிலிருந்து தூக்கி வந்தார். அண்ணன் தம்பியைப் பார்த்தான், மாமியார் மருமகளைப் பார்த்தாள், நாங்கள் எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வணக்கம் சொன்னோம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கோட்டுக்குள் ஐந்து பேர் நடந்துபோகும்போது கம்பி இறங்கினால் அது எந்த ஒருவருக்காக இறங்கியது என்று கம்பி சொல்லாது. எனவே ஐந்து பேரையும் சந்தேகித்தோம். பள்ளிக்கூட வாத்தியார் கஸ்பார் அப்படி மாட்டிக்கொண்டவர். பாவம், அவர் உருளைக்கிழங்கு வாங்கப் போனவர். ஆனால் மறுநாளிலிருந்து போகப்போகிறவரிடம் எதற்குப் பிள்ளையை விட வேண்டும் என்று டியூஷனை நிறுத்தினார்கள், கோவில் கொடியேற்றத்தில் அவருக்கு இருந்த பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள், டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. இரண்டு மாதம் பார்த்தார், பெண்டாட்டி பிள்ளைகளோடு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். "பாத்தியளா, கம்பி சொன்னா சொன்னதுதான்" என்றார் செலஸ்தீன் மாமி. நாங்கள் ஆமாம் ஆமாம் என்றோம். அந்த வருஷம் இப்படிக் கம்பி சொன்ன ஆட்கள் இருபத்து மூன்று பேர் ஊரைவிட்டுப் போனார்கள், ஒவ்வொருவர் போகும்போதும் கம்பியின் மேல் எங்களுக்கு மதிப்பு கூடியது.

எமில்டாவின் வீட்டில் இருந்தது இரண்டே பேர், அவளும் அவள் புருஷன் ரெஜினாலும். ரெஜினால் தோணி எஞ்சின் மெக்கானிக். அதிகம் பேசாதவன், எதையும் கழற்றிப் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்கிற ரகம். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம். பிள்ளையில்லை. அந்த வருஷப் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்த திங்கட்கிழமை மாலை அவள் சன்னலோரம் வாசித்துக்கொண்டிருந்தாள், அவன் எதிரே உட்கார்ந்து ஒரு டீசல் பம்பின் வாஷரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஐந்தாம் கம்பி இறங்கியது.

அவள் தலை நிமிராமல் ஏற்றினாள். அவனும் தலை நிமிரவில்லை. மறுநாளும் இறங்கியது. அதற்கு மறுநாளும். ஊராரின் கல்யாணங்களில் எவ்வளவோ பேரின் குட்டு உடைந்ததைப் பார்த்தவள், தன் வீட்டில் அது நடந்தபோது பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டாள். இவர் போகப்போகிறார், என்னிடம் சொல்லாமல் போகப்போகிறார் என்று நினைத்தாள். அவள் அவனை நேசித்தாள். அதை அவனிடம் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் சட்டையைத் துவைக்குமுன் பையைத் துழாவினாள், அவன் செருப்பில் ஒட்டிய மணல் எந்தக் கரை மணல் என்று பார்த்தாள், மாலத்தீவுத் தோணி வரும் நாட்களில் அவனுக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் கரைக்குப் போய் நின்றாள். ஊருக்குத் தெரிந்தால் கஸ்பார் வாத்தியாருக்கு நடந்தது இவனுக்கும் நடக்கும் என்று பயந்து, பிரடையின் துளையில் சாக்பீஸ் தூளும் மெழுகுவர்த்தி மெழுகும் வைத்துத் திணித்து வாசித்தாள். அதையும் மீறி அது தினமும் ஆறேகாலுக்குள் இறங்கியது.

இப்படி இறங்கி ஏறி, இறங்கி ஏறி, நாலைந்து மாதத்தில் அந்த மரப் பிரடை தேய்ந்தே போனது. முறுக்கினால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு நிச்சயதார்த்தத்தில் அது முதல் பாட்டிலேயே ஏழு தடவை இறங்க, பெண்வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து, சத்தியமாக நான் எங்கேயும் போகவில்லை என்று அழவே ஆரம்பித்துவிட்டான். இனிமேல் இறங்குவது ஆளாலா தேய்மானத்தாலா என்று எப்படித் தெரியும்? புதுப் பிரடை போடுவது என்று ஊர்க்கமிட்டி கூடியது. அது எமில்டாவின் சொந்தச் சாமான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கோவில் ஹாலில் உட்கார இடமில்லை. கமிட்டித் தலைவர் தொம்மை கர்டோசா பிரடையில் என்னென்ன வகை உண்டு என்று விசாரித்து எழுதி வைத்திருந்தார். முதலாவது, இருக்கிற மாதிரியே மரம். இரண்டாவது, இரும்பு, அதன் முனையில் ஒரு திருகு உண்டு, இறுக்கினால் கம்பியைப் பிடிக்கும், தளர்த்தினால் விடும்.

"அந்தத் திருப்புளி யாரு கையில இருக்கும்?" என்று ஒரு குரல் கேட்டது.

அவ்வளவுதான், அரைமணி நேரம் கூச்சல். திருகை இறுக்கிவைத்துத் தன் வீட்டு ஆளைக் காப்பாற்றுவான், தளர்த்திவைத்து அடுத்த வீட்டு ஆளை மாட்டிவிடுவான் என்று ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். திருப்புளியைப் பீடத்தில் பூட்டிவைக்கலாம் என்று சாமியார் சொன்னதும், சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டுவிட்டார்கள். இரும்பு தள்ளுபடியானது. மூன்றாவது வகை, கிட்டாரில் இருக்கிற மாதிரி பக்கவாட்டில் காது நீட்டிய கீ. அது உச்சியில் பொருந்துமே தவிர கழுத்தின் நடுவில் பொருந்தாது என்பதால் அதுவும் போயிற்று.

"அப்ப மரந்தான்" என்றார் கர்டோசா. "வேற ஏதாச்சும் உண்டுமா?"

அப்போதுதான் பின்வரிசையில் இருந்த ரெஜினால் எழுந்தான். மெக்கானிக் புத்தி, கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடும். "இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. உள்ளுக்குள்ள சின்னப் பல்சக்கரம் வச்ச கீ. பாக்க மரக்கட்டை மாதிரியே நேரா இருக்கும். வெளியில நாலு சுத்து சுத்துனாத்தான் உள்ள ஒரு சுத்து சுத்தும். அத மாட்டிட்டா கம்பி தானா எறங்கவே எறங்காது."

இருநூறு தலைகள் திரும்பி அவனைப் பார்த்தன. அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பி இறங்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் யாராக இருப்பான்? உண்மையில் பல்சக்கரக் கீ என்று கேட்டதும் ஹாலில் பாதிப்பேருக்கு நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு யார் கை தூக்குவது? எனவே மரத்துக்கு யார் யார் சம்மதம் என்று கர்டோசா கேட்டபோது ஹாலே கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன், இரண்டு கையையும். எமில்டா மட்டும் புருஷனையே பார்த்துக்கொண்டு, தூக்கிய கையை இறக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

பிரடையைச் செய்துகொடுக்கும் வேலை ஓடாவி இன்னாசிக்குப் போனது. ஓடாவி என்றால் தோணி கட்டுகிற தச்சர். அவர் பேஞ்சோவின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, துளைக்குள் ஈர்க்குச்சியை விட்டு அளந்து, "தொளை ஒரு பக்கம் பெருசா, ஒரு பக்கம் சிறுசா இருக்கு. கட்டையும் அப்பிடியே கூம்பாத்தான் இருக்கணும். கருங்காலில செஞ்சு தாரேன், நூறு வருசம் கெடக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு மயிரிழை பெருசாச் செஞ்சா கெட்டியாப் பிடிச்சுக்கிடும், எறங்காது. அப்பிடிச் செய்யவாம்மா?" என்று கேட்டார்.

எமில்டா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, நீங்களும் எங்கயாச்சும் போறியளா?"

"சேச்சே, நா எங்க போவப்போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடாவி மளமளவென்று கடைசலைச் சுற்ற ஆரம்பித்தார். துளைக்குச் சரியான அளவிலேயே செய்துகொடுத்தார்.

அன்று மத்தியானம் புதுப் பிரடைக்கு மெருகு தேய்க்க உப்புத்தாள் தேடி எமில்டா புருஷனின் டூல் பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனர்களுக்கு அடியில் சிங்களப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சிறு பொட்டலம் இருந்தது. பிரித்தாள். பளபளவென்று ஒரு பல்சக்கரக் கீ, கழுத்தின் நடுவில் மாட்டுகிற குட்டை வகை, திருகுவதற்கு முத்துச்சிப்பி நிறத்தில் பித்தான் வைத்தது. பத்திரிகையின் தேதியைப் பார்த்தாள். கூட்டம் நடப்பதற்கு மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. கொழும்பு போன தோணிக்காரனிடம் யாருக்கும் தெரியாமல் சொல்லி வாங்கி வைத்திருக்கிறான். இனி என்ன சந்தேகம் வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தரையில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்தபின் முகத்தைக் கழுவிக்கொண்டு கருங்காலிப் பிரடையைத் துளையில் செருகி, கம்பியைச் சுற்றி ஏற்றினாள். ஒரு பாட்டு வாசித்தாள், இரண்டு பாட்டு வாசித்தாள். வீட்டில் அவள் மட்டும்தான். கம்பி ஊசி மாதிரி நின்றது. ஆறு மணிக்கு ரெஜினால் வந்து, கைகால் கழுவி, எதிரே உட்கார்ந்தான். முதல் பாட்டின் இரண்டாம் அடியில் கிர்ரென்று இறங்கியது.

"எப்பப் போறிய?" என்றாள் எமில்டா.

"என்னது?"

"எங்க போறியன்னு கேக்கல. எப்பன்னு மட்டும் சொல்லுங்க. ஒத்தையில வாசிச்சேன், அசையல. நீங்க வந்து ஒக்காந்ததும் எறங்குது. பொட்டலத்தையும் பாத்துட்டேன்."

அவன் மெல்லச் சொன்னான், "நீ கோயிலுக்குப் போயிருக்கும்போது நானும் ஒத்தையில ஏத்திவச்சுப் பாத்திருக்கேன் ஏளா. நாலஞ்சு தடவ. தட்டித் தட்டிப் பாத்தேன். எனக்கும் அசையல. நீ உள்ள வந்தாத்தான் எறங்குது."

"பொய் சொல்லுதிய. மெழுகு வச்சிருப்பிய."

"மெழுகு வச்சது நீதான். தொளையில நா பாக்கலன்னு நெனச்சியா?"

அவள் தனியாக இருந்தால் நிற்கிறது, அவன் தனியாக இருந்தாலும் நிற்கிறது, இரண்டு பேரும் சேர்ந்திருந்தால் இறங்குகிறது. இப்படி ஒரு கணக்கைச் செலஸ்தீன் மாமி கூடச் சொன்னதில்லை. ஒருவரை ஒருவர் நம்பாமல் அன்று இரவு முழுக்க அதையே பேசினார்கள், மறுநாள் பேசவில்லை, அதற்கு மறுநாள் சோற்றை எடுத்துவைத்துவிட்டு எமில்டா சொன்னாள், "அந்தச் சக்கரக் கீயையே மாட்டுங்க. இனும தெனமும் இதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல." அவன் துளையைக் கொஞ்சம் அரம் போட்டு அகலப்படுத்தி, பல்சக்கரக் கீயைப் பொருத்தினான்.

செய்தி ஐந்து நிமிஷத்தில் ஊருக்குப் போய்விட்டது. செலஸ்தீன் மாமி சன்னல் வழியாகவே பார்த்துச் சொல்லிவிட்டார். கர்டோசா நாலு பேரோடு வந்து பேஞ்சோவைப் பார்த்தார், ஊர் முடிவை மீறியது தப்பு என்றார், ஆனால் அந்தப் பித்தானை ஒரு தரம் தொட்டுப் பார்த்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பேஞ்சோ ஊமையாகிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. சுண்ணாம்புக் கோட்டை யாரும் திரும்பப் போடவில்லை. ஆறு மணிக்குத் தெருவில் மறுபடி நடமாட்டம் வந்தது. அந்த மாதத்திலேயே ஓடாவி இன்னாசி திருவனந்தபுரத்துப் படகுத்துறைக்குப் போனார், கர்டோசா வெளியூரிலிருந்த மகன் வீட்டுக்குப் போனார், இன்னும் பலர் சத்தமில்லாமல் பஸ் ஏறினார்கள். போனவர்கள் எல்லோரும் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: ரெஜினாலும் எமில்டாவும் இந்த வாரம் போய்விடுவார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்வது எமில்டாவே பிற்பாடு என்னிடம் சொன்னது. ஊர் பாதி காலியான ஒரு மாலையில் அவள் சன்னலோரம் வாசித்துக்கொண்டிருந்தாள். ரெஜினால் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தான். பாட்டின் நடுவில் ஐந்தாம் கம்பியின் சுரம் லேசாகத் தாழ்ந்த மாதிரி இருந்தது. அவள் நிறுத்தாமல் தட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. மரப் பிரடையில் இப்படி ஆனதே இல்லை. அது ஒரே இழுப்பில் கிர்ரென்று விழுந்துவிடும், விழுந்தபின் சொல்ல ஒன்றும் இருக்காது. அவள் இடது கட்டைவிரலைப் பித்தான் மேல் வைத்தாள். அது விரலுக்குக் கீழே மெதுவாக, சுவரேறும் நத்தை மாதிரி, தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வெளியில் நாலு சுற்று சுற்றினால்தான் உள்ளே ஒரு சுற்று என்று புருஷன் ஹாலில் எழுந்து சொன்னது சரிதான். இன்னும் மூன்றரைச் சுற்று இருந்தது.

முதல் சுற்று முடியும்வரை அவள் அவனை முறைத்தாள். அவன் டீயை ஊதிக்கொண்டிருந்தான். இரண்டாம் சுற்றில் அவளுக்குக் கோபமாக வந்தது, பதிமூன்று வருஷம் துவைத்துப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு எப்படி இவ்வளவு அமைதியாக டீ குடிக்க முடிகிறது என்று. மூன்றாம் சுற்று தொடங்கியபோது இதற்குமேல் நேரமில்லை என்று பயம் வந்துவிட்டது.

"நா ஒண்ணு சொல்லுதேன்" என்றாள். "நீங்க என்ன விட்டுட்டுப் போயிருவிய. அந்த அசிங்கத்த நா பாக்க மாட்டேன். அதுக்கு முன்ன பம்பாய்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிரணும்னு நெனச்சிருக்கேன். நீங்க வீட்ல இல்லாதப்ப அப்பிடித் தோணல. ஒங்க மொகத்தப் பாத்தா மட்டுந்தான் போயிரணும்னு தோணுது."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நானுந்தான்" என்றான். "நீ போயி நா மட்டும் இந்த வீட்ல கெடக்க மாட்டேம்ளா. நீ போவும் முன்ன மாலத்தீவுக்குப் போயிரணும்னு தோணி ஓட்டுற தண்டல்ட்ட பேசியிருக்கேன். நீ இல்லாதப்ப எனக்கும் தோணல. நீ வந்து எதிர ஒக்காந்து வாசிக்கும்போதுதான், இவ எப்பப் போவப்போறாளோன்னு..."

"நா போறேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"கம்பி சொல்லிச்சு. பாஸ்கா முடிஞ்ச திங்கக்கெழம. மொதல்ல எறங்குச்சே."

எமில்டா அவனையே பார்த்தாள். "அன்னைக்கு நா ஒண்ணுமே நெனைக்கலியே. அன்னைக்கு எறங்குனதப் பாத்துத்தான் நீங்க போறியன்னு நா நெனச்சேன்."

"சத்தியமா அன்னைக்கு நானும் ஒண்ணும் நெனைக்கல."

அவள் விரலுக்குக் கீழே பித்தான் நின்றிருந்தது. எந்தச் சுற்றில் நின்றது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவள் அதைத் திருப்பிச் சுற்றி, கம்பியைப் பழைய சுரத்துக்கு ஏற்றினாள், அது அங்கேயே இருந்தது. அவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப அன்னைக்குத் தெருவுல யாரு போனா?" என்றான்.

சன்னல் வழியாகப் பார்த்தார்கள். செலஸ்தீன் மாமியின் வீடு கூடப் பூட்டியிருந்தது. அன்று அந்த நேரத்தில் அந்தத் தெருவில் போயிருக்கக்கூடியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்களாம், ஓடாவி இன்னாசியிலிருந்து ஆரம்பித்து, ஒருவரை விடாமல். அதில் ஒருவர்கூட இப்போது ஊரில் இல்லை. என் பெயரையும் சொல்லியிருக்கிறார்கள்.

வெகுநாள் கழித்து ஊருக்கு ஒரு தடவை திரும்பி வந்த என்னிடம் எமில்டா அதைச் சொன்னபோது நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாஸ்கா முடிந்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு அந்தச் சன்னலைத் தாண்டித்தான் போனேன். யார் யார் போகப்போகிறார்கள் என்று டீக்கடையில் போய்ச் சொல்வதற்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன், மனசுக்குள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டிருந்தேன்.